உங்கள் உடம்புக்கு என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும்? தனிப்பட்ட ஊட்டச்சத்துத் தேவையைக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மாவும் நானும் பல வருடங்களாக ஒரே அடுப்பில் சமைத்ததைத்தான் சாப்பிட்டு வந்தோம். ஆனாலும் அம்மாவுக்குப் பாதங்கள் மரத்துப்போகத் தொடங்கின, எனக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை நோயால் நரம்பு பாதித்திருக்கும் என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தோம். பிறகு எடுத்த ஒரு ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகக் குறைந்திருப்பது தெரிந்தது. சர்க்கரை நோய்க்காகப் பத்து வருடங்களுக்கும் மேலாக அம்மா எடுத்துவந்த மெட்ஃபார்மின் மாத்திரை, உணவிலிருந்து பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடியது. இரண்டு தட்டிலும் இருந்தது ஒரே சாப்பாடு. இரண்டு உடம்பும் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றல்ல.

அன்றிலிருந்து "எது ஆரோக்கியமான உணவு?" என்று யாராவது கேட்டால், "யாருக்கு?" என்று திருப்பிக் கேட்கத்தான் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கேள்விக்கு உங்கள் அளவில் விடை தேட ஒரு நோட்டு, ஒரு இஞ்சு டேப், எடை பார்க்கும் கருவி, மூன்று மாதப் பொறுமை ஆகியவை வேண்டும். சில இடங்களில் மருத்துவரின் துணையும் வேண்டும். எங்கெங்கே என்று போகப் போகச் சொல்கிறேன்.

அட்டவணையில் இருக்கும் எண் யாருடையது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "தினமும் இவ்வளவு இரும்பு, இவ்வளவு கால்சியம்" என்று பரிந்துரை அட்டவணைகள் சொல்கின்றன அல்லவா? அந்த எண்ணை உருவாக்கும் முறை இது: ஒரு வயதுப் பிரிவில் பாதிப் பேருக்குப் போதுமான அளவை ஆய்வுகளிலிருந்து கணக்கிடுவார்கள். ஆளுக்கு ஆள் தேவை மாறுவதால் அதன்மேல் ஒரு பாதுகாப்பு அளவையும் சேர்ப்பார்கள். அப்படிச் சேர்த்தால் அந்தப் பிரிவில் உள்ள ஆரோக்கியமானவர்களில் 97 முதல் 98 சதவீதம் பேருக்கு அது போதும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். பெரும்பாலோருக்கு அந்த எண் தேவைக்குச் சற்று அதிகம். ஒரு நாள் அதை எட்டவில்லை என்றால் குறைபாடு வந்துவிடாது. அடுத்தது, அந்தக் கணக்கு ஆரோக்கியமானவர்களுக்குப் போட்டது. நோய் இருப்பவர், மருந்து எடுப்பவர், குடலில் உறிஞ்சும் திறன் குறைந்தவர் ஆகியோருக்கு அது அப்படியே பொருந்தாது. கலோரி மட்டும் இதற்கு விலக்கு. அதற்குப் பாதுகாப்பு அளவு எதையும் சேர்ப்பதில்லை, ஏனென்றால் மிஞ்சும் கலோரி உடம்பில் கொழுப்பாகச் சேர்ந்துவிடும்.

ஆளுக்கு ஆள் எவ்வளவு தூரம் மாறும் என்று பார்க்க, 1990இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். கனடாவின் லாவல் பல்கலைக்கழகத்தில் கிளாட் பூஷார் குழுவினர், உருவொத்த இரட்டையர்களான 12 ஜோடி இளைஞர்களுக்கு வழக்கத்தைவிட நாளுக்கு 1,000 கலோரி கூடுதலாக, மொத்தம் 84 நாட்கள் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு கூடுதல். ஆனால் ஒருவருக்கு 4.3 கிலோ ஏறியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ. ஒரே ஜோடியைச் சேர்ந்த இருவருக்கும் ஏறிய எடை பெரும்பாலும் அருகருகே இருந்தது. வித்தியாசத்தில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது அதில் தெரிந்தது. "நானும் அவளும் ஒரே அளவுதான் சாப்பிடுகிறோம், எனக்கு மட்டும் ஏன்?" என்று கண் கலங்கும் யாரையும் இந்த ஆய்வைப் படித்தபின் என்னால் குறை சொல்ல முடிந்ததில்லை.

படி 1: உங்கள் உடம்பின் குறிப்பேட்டைத் தொடங்குங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் வயது, உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றை எழுதுங்கள். இடுப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது. 160 செ.மீ. உயரம் என்றால் 80 செ.மீ.க்குள்.

எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்து வரும் பிஎம்ஐ எண்ணில் 18.5 முதல் 24.9 வரை இயல்பு என்பது பொதுக் கணக்கு. ஆசிய வம்சாவளியினருக்குக் குறைந்த பிஎம்ஐயிலேயே சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் அபாயம் கூடுவதால், 23இலிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. பிஎம்ஐக்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. இரண்டில் ஒன்றைத்தான் நம்பலாம் என்றால் நான் இடுப்பு அளவைத்தான் நம்புவேன்.

அடுத்து உங்கள் வாழ்க்கைக் கட்டம். மாதவிடாய் வருகிறதா, ரத்தப்போக்கு அதிகமா, கர்ப்பமா, தாய்ப்பால் கொடுக்கிறீர்களா, மாதவிடாய் நின்றுவிட்டதா, 60 தாண்டிவிட்டதா? இவை ஒவ்வொன்றும் தேவையை மாற்றும். உங்களுக்கு இருக்கும் நோய்களையும், பெற்றோர், உடன்பிறந்தோருக்கு இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, எலும்புத் தேய்வு, சிறுநீரக நோய் ஆகியவற்றையும் எழுதுங்கள். வயிற்றிலோ குடலிலோ அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அதைத் தனியாக, பெரிய எழுத்தில் எழுதுங்கள். பல சத்துகள் உறிஞ்சப்படுவதே அங்கேதான்.

கடைசியாக, தொந்தரவுகள். சோர்வு, முடி உதிர்தல், மலச்சிக்கல், மூச்சு வாங்குதல், கால் பிடிப்பு, வாய்ப்புண், எதுவானாலும் எப்போது தொடங்கியது என்று சேர்த்து எழுதுங்கள். ஆனால் அறிகுறியை வைத்து எந்தச் சத்து குறைவு என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். சோர்வு ஒன்றுக்கே ரத்தசோகை, தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு என்று பல காரணங்கள் இருக்கின்றன.

முயற்சி செய்யாமலே ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் எடை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், நோட்டை மூடிவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

படி 2: மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

பெரும்பாலோர் தவறவிடும் படி இது. நாங்களும் தவறவிட்டோம். தினமும் எடுக்கும் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும், எத்தனை வருடமாக எடுக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். டானிக், மூலிகைப் பொடி, புரதப் பவுடர் எதையும் விடாதீர்கள்.

மெட்ஃபார்மின் பற்றிச் சொல்லிவிட்டேன். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகை மாத்திரைகளை நீண்ட காலம் எடுத்தால் பி12, மெக்னீசியம் இரண்டும் குறையலாம். தைராய்டுக்கு லெவோதைராக்சின் எடுப்பவர்கள் அதையும் கால்சியம் அல்லது இரும்பு மாத்திரையையும் ஒன்றாக விழுங்கினால் தைராய்டு மருந்து சரியாக உறிஞ்சப்படாது. இடையில் 4 மணி நேரம் விட வேண்டும். ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் எடுப்பவர்களுக்கு எலும்பு மெலியும் என்பதால், கால்சியம், வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். சிறுநீர் அதிகம் பிரியச் செய்யும் மாத்திரைகளில் சில பொட்டாசியத்தை வெளியேற்றும், சில உள்ளே தேக்கும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் உப்புக்குப் பதிலாக விற்கும் "சோடியம் குறைந்த உப்பு" பக்கம் போகாதீர்கள். அதில் பெரும்பாலும் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் பழுதானவருக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களிடம் "கீரையே தொடாதே" என்று அக்கம்பக்கத்தில் சொல்வதுண்டு. உண்மையில் கீரையின் அளவு வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குவதுதான் சிக்கல், ஏனென்றால் கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையை எதிர்க்கும். ஒரே சீரான அளவில் சாப்பிட்டால் மருத்துவர் அதற்கேற்ப மருந்தின் அளவை வைத்துக்கொள்வார்.

பட்டியலைப் பார்த்துவிட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அது மருத்துவரிடம் காட்டிப் பேசுவதற்கு.

படி 3: ஏழு நாள், உள்ளது உள்ளபடி

அடுத்த ஏழு நாள் நீங்கள் வாயில் போடும் அனைத்தையும் எழுத வேண்டும். ஏழு ஏன்? வார நாளும் விடுமுறை நாளும் ஒன்றாக இருப்பதில்லை. சாப்பிட்ட உடனே எழுதுங்கள். இரவில் உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதினால் இடையில் கொறித்தது, குழந்தை மிச்சம் வைத்ததைத் தின்றது, காபியில் போட்ட சர்க்கரை எல்லாம் விட்டுப்போகும். தாம் உண்டதைக் குறைத்துச் சொல்வது மனித இயல்பு. ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடிவரும் பிரச்சினை அது. அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் இருக்கும் ஒரே கிண்ணம், ஒரே கரண்டி, ஒரே டம்ளர் ஆகியவற்றை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளில் மட்டும் அந்தக் கிண்ணத்தில் எத்தனை கிராம் சோறு பிடிக்கிறது, கரண்டியில் எத்தனை மில்லி எண்ணெய் நிற்கிறது என்று அளந்துவிட்டால் போதும். சமையல் எண்ணெயைத் தனியாகக் கணக்கிட ஒரு வழி: மாதம் எத்தனை லிட்டர் தீர்கிறதோ அதை வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையாலும் 30 நாளாலும் வகுத்துவிடுங்கள். நான்கு பேர் வீட்டில் மாதம் 4 லிட்டர் என்றால் ஆளுக்கு நாளுக்கு 33 மில்லி வரும். அது ஏறக்குறைய 30 கிராம், 270 கலோரி. என் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று உண்மையிலேயே அதிர்ந்துபோனேன்.

உணவோடு நேரம், பசி எவ்வளவு இருந்தது, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து உடம்பு எப்படி இருந்தது என்பவற்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். பால் குடித்தபின் வயிறு உப்புகிறதா? உலக மக்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோருக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் வளர்ந்தபின் குறைந்துவிடுகிறது. அவர்களில் பலர் தயிரைத் தாராளமாகச் சாப்பிடலாம். இப்படிப்பட்ட தடயங்கள் உங்கள் நோட்டில்தான் கிடைக்கும்.

இந்த ஏழு நாளில் எதையும் திருத்தாதீர்கள். எழுதுகிறோம் என்பதற்காக நன்றாகச் சாப்பிட்டால் கிடைப்பது இன்னொருவருடைய குறிப்பு. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: உணவு எண்ணிக்கை முன்பு உங்களை வாட்டியிருந்தால், சாப்பிட்டதற்காக உங்களை நீங்களே தண்டித்த காலம் இருந்திருந்தால், இந்தப் படியையும் அடுத்ததையும் தனியாகச் செய்யாதீர்கள். உணவியல் நிபுணரோ மனநல மருத்துவரோ உடன் இருக்கட்டும்.

படி 4: கலோரிக் கணக்கு, பிறகு அதைத் திருத்தும் கணக்கு

ஓய்வாகப் படுத்திருந்தாலே உடம்பு எரிக்கும் கலோரியைக் கணக்கிட 1990இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் இன்றும் அதிகம் பயன்படுகிறது.

எடையை (கிலோ) 10ஆல் பெருக்குங்கள். உயரத்தை (செ.மீ.) 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்டுங்கள், பெண் என்றால் 161 கழியுங்கள்.

42 வயது, 64 கிலோ, 158 செ.மீ. உள்ள பெண்ணுக்கு: 640 + 987.5 − 210 − 161 = 1,256.5. இதை நடமாட்டத்தைப் பொறுத்துப் பெருக்க வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை என்றால் 1.2, வாரத்தில் சில நாள் லேசான உடற்பயிற்சி என்றால் 1.375, மிதமான பயிற்சி பெரும்பாலான நாட்களில் உண்டு என்றால் 1.55. இவருக்கு 1.2 போட்டால் சுமார் 1,510 கலோரி, 1.375 போட்டால் சுமார் 1,730.

எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே 220 கலோரி வித்தியாசம் வந்துவிட்டது, பார்த்தீர்களா? நாம் எல்லோரும் நம்மை இருப்பதைவிடச் சுறுசுறுப்பானவர்களாக நினைத்துக்கொள்கிறோம். அதனால் ஐயமிருந்தால் சிறிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். சூத்திரமும் சராசரி மனிதருக்குப் போட்டதுதான். உங்களுக்கு நூறு, இருநூறு கலோரி முன்னே பின்னே இருக்கலாம்.

அதைச் சரிபார்ப்பது எளிது. தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், எதுவும் சாப்பிடும் முன் எடை பாருங்கள். ஒரு நாள் எடைக்கு அர்த்தமில்லை. உப்பு, மாதவிடாய், மலச்சிக்கல் இவற்றாலேயே ஒரு கிலோ ஏறி இறங்கும். வாரச் சராசரியைப் போட்டு நான்கு வாரம் பாருங்கள். வழக்கம்போல் சாப்பிட்டும் சராசரி அசையவில்லை என்றால், நீங்கள் இப்போது உண்பதுதான் உங்கள் தேவை, சூத்திரம் என்ன சொன்னாலும் சரி. எடை மெல்ல ஏறினால் உண்பது தேவையைவிட அதிகம். உங்கள் உடம்பே அளந்து சொன்ன இந்த எண்ணுக்கு எந்தச் செயலியும் ஈடாகாது.

"வயது முப்பதைத் தாண்டியதும் உடம்பு எரிப்பது குறைந்துவிட்டது" என்று நம்மில் பலர் சொல்வோம். 6,400க்கும் மேற்பட்டோரின் அளவீடுகளைச் சேர்த்து 2021இல் வந்த ஆய்வில், உடல் அளவைக் கணக்கில் எடுத்தால் 20 முதல் 60 வயது வரை எரிசக்திச் செலவு ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பதும், அதன்பிறகே மெல்லக் குறைவதும் தெரிந்தது. நடுவயதில் எடை ஏறுவதற்குத் தசை குறைவதிலும், நடமாட்டம் குறைவதிலும், தூக்கத்திலும், தட்டிலும் காரணம் தேடுவதே பயன் தரும்.

கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதத்தில் கூடுதல் கலோரி ஏறக்குறைய தேவையில்லை. நடு மூன்று மாதத்தில் நாளுக்குச் சுமார் 340, கடைசி மூன்று மாதத்தில் சுமார் 450 கூடும். "இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்ற அன்பான அறிவுரை அளவை மீறிவிடுகிறது.

படி 5: அந்தக் கலோரி எதிலிருந்து வருகிறது?

புரதத்திலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் பலருடைய குறிப்பேட்டிலும் முதலில் கண்ணில் படும் ஓட்டை அதுதான். ஆரோக்கியமான பெரியவருக்குக் குறைந்தபட்சம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ என்றால் 50 கிராம். 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தசை கரைவதைத் தடுக்க 1 முதல் 1.2 கிராம் நல்லது என்று முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்கிறார்கள். எடை தூக்கும் பயிற்சி, நீண்ட ஓட்டம் செய்பவர்களுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை. மிக அதிக எடை உள்ளவர்கள் இருக்கும் எடைக்குக் கணக்கிட்டால் அளவு மிகையாகிவிடும். அவர்கள் உயரத்துக்கேற்ற எடைக்குக் கணக்கிடட்டும்.

மனதில் வைத்துக்கொள்ளச் சில எண்கள்: ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் சுமார் 6.5 கிராம், வேகவைத்த பயறு 100 கிராமில் 7 முதல் 9 கிராம், சமைத்த கோழி இறைச்சி 100 கிராமில் சுமார் 27 கிராம். உங்கள் ஏழு நாள் குறிப்பை எடுத்து ஒவ்வொரு வேளைக்கும் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் காலை வேளை காலியாக இருக்கும். சைவர்கள் தானியத்தையும் பருப்பையும் ஒரே நாளில் உண்டால், ஒன்றில் குறையும் அமினோ அமிலத்தை, அதாவது புரதத்தின் கட்டுமானக் கூறை, மற்றது ஈடுகட்டும். ஒரே வேளையில்தான் சேர வேண்டும் என்பதில்லை.

சிறுநீரக நோய் இருப்பவர்கள் இந்த எண்கள் எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கான புரத அளவு நோயின் கட்டத்தைப் பொறுத்தது, டயாலிசிஸ் தொடங்கியபின் அதுவும் தலைகீழாக மாறும். சிறுநீரக மருத்துவர் சொல்வதே கணக்கு.

நார்ச்சத்து நாளுக்கு 25 கிராமாவது வேண்டும், காய்கறியும் பழமும் சேர்ந்து 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இப்போது 10 கிராம்தான் உண்கிறீர்கள் என்றால் ஒரே வாரத்தில் 25க்குத் தாவாதீர்கள், வயிறு உப்பிப் படுத்திவிடும். வாரத்துக்கு 4, 5 கிராமாக ஏற்றி, தண்ணீரையும் கூட்டுங்கள்.

மாவுச்சத்தில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வியப்பூட்டும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 800 பேரின் ரத்தச் சர்க்கரையைத் தொடர்ந்து அளந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உணவுக்கு ஒருவருக்குச் சர்க்கரை வேகமாக ஏறியது, இன்னொருவருக்கு அவ்வளவு ஏறவில்லை. வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கும் சர்க்கரை நோயாளிகள், வழக்கமாக உண்ணும் நான்கைந்து காலை உணவுகளுக்குப்பின் இரண்டாம் மணி நேரத்தில் அளந்து எழுதினால், தங்களுக்கு ஒத்துவருவது எது என்று இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

கொழுப்பு மொத்த கலோரியில் 30 சதவீதத்துக்குள், அதில் நிறைவுற்ற கொழுப்பு 10 சதவீதத்துக்குள். சேர்க்கும் சர்க்கரை 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஊறுகாய், பாக்கெட் தின்பண்டம், சாஸ் எல்லாவற்றிலும் உள்ள உப்பும் இதில் அடக்கம்.

தண்ணீருக்கு எண் தேடி அலைய வேண்டாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். இதயம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவே வரம்பு.

படி 6: சின்னச் சத்துகளில் உங்கள் பலவீனமான இடம் எது?

இருபத்துச் சொச்சம் வைட்டமின்களையும் தாதுக்களையும் ஒன்றுவிடாமல் துரத்த வேண்டியதில்லை. உங்கள் முதல் பக்கத்தைப் பார்த்தால் எது ஆபத்தில் இருக்கிறது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம்.

மாதவிடாய் வரும் பெண்களுக்கு இரும்பு. அமெரிக்கப் பரிந்துரைப்படி ஆணுக்கு நாளுக்கு 8 மி.கி. போதும், 19 முதல் 50 வயதுப் பெண்ணுக்கு 18 மி.கி., கர்ப்பிணிக்கு 27 மி.கி. தாவர உணவிலுள்ள இரும்பு குறைவாகவே உறிஞ்சப்படுவதால், இறைச்சி உண்ணாதவர்களின் தேவையை 1.8 மடங்காகக் கணக்கிடுகிறார்கள். உண்ணும் அளவைக் கூட்டுவதற்கு முன் உறிஞ்சலைக் கூட்டலாம்: உணவோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா போல வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்று இருக்கட்டும்; டீ, காபியை உணவுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். இத்தனைக்கும் செலவு எதுவுமில்லை என்பதால் இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

முட்டை, பால், மீன், இறைச்சி எதையும் உண்ணாதவர்களுக்கு பி12 கட்டாயம் வெளியிலிருந்து வேண்டும். தேவை நாளுக்கு 2.4 மைக்ரோகிராம்தான். ஆனால் நம்பகமாகக் கிடைப்பது விலங்கு உணவிலும் பி12 செறிவூட்டிய உணவிலும் மாத்திரையிலும்தான். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரியச் சில வருடங்கள் ஆகும். அதனால்தான் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்ற நம்பிக்கை ஏமாற்றுகிறது. வயதானவர்களுக்கு வயிற்று அமிலம் குறைவதால் அசைவம் உண்டாலும் பி12 குறையலாம். இன்னொன்று, பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிகமாக எடுத்தால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும். நரம்புப் பாதிப்போ உள்ளே தொடரும்.

கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராமைக் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருவுற்ற 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. கர்ப்பம் என்று தெரியும் நேரத்தில் அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

கால்சியம் பெரியவர்களுக்கு நாளுக்கு 1,000 மி.கி., 50 வயது தாண்டிய பெண்களுக்கு 1,200. மாத்திரையாக எடுத்தால் ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் வேண்டாம், மீதி சரியாக உறிஞ்சப்படாது. வெயிலே படாமல் வேலை செய்பவர்கள், உடலை முழுக்க மூடும் உடை அணிபவர்கள், கருத்த தோல் உள்ளவர்கள், முதியவர்கள் ஆகியோர் வைட்டமின் டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அயோடின் கலந்த உப்பைத் தவிர்ப்பவர்கள் அயோடினை யோசிக்க வேண்டும், கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் முக்கியமாக.

கூடுதலாக எடுத்தால் கூடுதல் நன்மை என்பது இங்கே செல்லாது. வைட்டமின் ஏ மாத்திரை நாளுக்கு 3,000 மைக்ரோகிராமைத் தாண்டினால் கர்ப்பத்தில் குழந்தைக்கே ஊனம் ஏற்படலாம். தேவையில்லாமல் எடுக்கும் இரும்பு உடம்பில் தேங்கும், ஏனென்றால் அதை வெளியேற்ற உடம்புக்குத் தனி வழி இல்லை.

படி 7: ரத்தப் பரிசோதனையிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

இப்போது உங்கள் கையில் ஓர் ஊகம் இருக்கிறது. அதை உறுதிப்படுத்தத்தான் பரிசோதனை. முழு ரத்த எண்ணிக்கை, வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவை பொதுவான அடிப்படை. ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி ஆகியவற்றை உங்கள் பட்டியலுக்கு ஏற்ப மருத்துவரிடம் பேசிச் சேர்க்கலாம். எண்பது பரிசோதனை கொண்ட பொட்டலம் வாங்கினால், அதில் ஏதாவது ஒன்று எல்லைக்கு வெளியே நின்று காரணமில்லாமல் பயமுறுத்தும்.

ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13, கர்ப்பிணிகளுக்கு 11 (நடு மூன்று மாதத்தில் 10.5) கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஆனால் ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு காலியாகிக்கொண்டிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின். மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் கீழ் என்றால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். உடம்பில் எங்காவது அழற்சியோ தொற்றோ இருந்தால் ஃபெரிட்டின் உயர்ந்து பொய் சொல்லும். இரும்புக் குறைபாட்டு ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடச் சற்று அதிகமாகக் காட்டலாம். ஒரு தாளிலுள்ள எண்களைத் தனித்தனியாக அல்லாமல் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்காகவே மருத்துவர் தேவை.

முடிக்காக பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதைப் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்; தைராய்டு உள்ளிட்ட சில முடிவுகளை அது குழப்பிவிடும். கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகித்தால், கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தாலும் முடிவு இல்லை என்றே வரக்கூடும். முடியை அனுப்பினால் சத்துக் குறைபாடு சொல்கிறோம், ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்து ஒவ்வாத உணவுகளைப் பட்டியலிடுகிறோம் என்று விற்பவற்றுக்கு உங்கள் பணத்தைக் கொடுக்க வேண்டாம். அவற்றை நம்பி நல்ல உணவுகளை ஒதுக்கி, மெலிந்துபோனவர்கள் இருக்கிறார்கள்.

படி 8: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

குறிப்பேட்டில் இப்போது பத்து ஓட்டைகள் தெரியலாம். எல்லாவற்றையும் திங்கட்கிழமையே அடைக்கப் புறப்பட்டால், எது பலித்தது, எது வயிற்றைக் கெடுத்தது என்று தெரியாமல் போகும். பரிசோதனை உறுதி செய்த குறைபாட்டுக்கு மருத்துவர் சொன்ன மருந்து முதலிடம். அதோடு உணவில் ஒரே ஒரு மாற்றம். என்னைக் கேட்டால், காலை வேளையில் 15 முதல் 20 கிராம் புரதம் என்பதிலிருந்து தொடங்கச் சொல்வேன், பசியும் அதனால் அடங்கும். இரண்டு வாரம் அது பழகியபின் அடுத்தது.

மூன்று மாதம் கழித்து மறு பரிசோதனை. அந்தக் கால அளவுக்குக் காரணம் உண்டு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். எச்பிஏ1சி சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதால், அதில் மாற்றம் முழுமையாகத் தெரிய ஏறக்குறைய அவ்வளவு நாள் வேண்டும். வைட்டமின் டியும் புதிய நிலைக்கு வந்து நிற்கச் சுமார் மூன்று மாதம் எடுக்கும். இரும்பு மாத்திரையில் ஹீமோகுளோபின் சில வாரங்களிலேயே ஏறும், சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாதம் தொடர வேண்டும். உடம்பு தெம்பானதும் பாதியில் நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்பத் திரும்ப ரத்தசோகை வருகிறது.

பிறகு வருடம் ஒருமுறை முதல் பக்கத்தைத் திரும்ப எழுதுங்கள். கர்ப்பம், மாதவிடாய் நிற்பது, புதிய மாத்திரை, பெரிய அறுவை சிகிச்சை, உடலுழைப்பு வேலையிலிருந்து நாற்காலி வேலைக்கு மாறுவது, இவற்றில் ஏதாவது நடந்தால் வருடம் முடியக் காத்திருக்க வேண்டாம். குழந்தைகளுக்கு மட்டும் இந்த முறை எதையும் பொருத்திப் பார்க்காதீர்கள். அவர்களுக்கு வளர்ச்சி வரைபடம்தான் அளவுகோல், அதைக் குழந்தை மருத்துவர் வைத்திருப்பார்.

அம்மாவுக்கு பி12 ஊசி தொடங்கி மூன்றாம் மாதத்தில் ரத்த அளவு சரியானது. மரத்துப்போன உணர்வு பாதிக்கு மேல் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. நெடுநாள் கவனிக்காமல் விட்டால் நரம்பு முழுதாகத் தேறுவதில்லை என்றார் மருத்துவர். மெட்ஃபார்மின் தொடர்கிறது. அம்மாவின் நோட்டில், மாத்திரைப் பெயருக்கு எதிரே, அடுத்த பி12 பரிசோதனைக்கான தேதியைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.